கைடு நம்பர்: ஃபிளாஷ் ஒளியைக் கணக்கிட்டுப் படம் எடுக்கும் முறை

ஃபிளாஷ் பெட்டியின் மேல் "ஜி.என். 60" என்றோ "ஜி.என். 58" என்றோ அச்சிட்டிருப்பதை வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் திருமணப் படம் எடுக்க வரும் இளைஞர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டு ஒரு படமாவது எடுத்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு. பெரும்பாலோர் அதை ஃபிளாஷின் சக்தி என்று மட்டும் எடுத்துக்கொண்டு, எண் பெரிதாக இருந்தால் விலையும் பெரிதாக இருக்கும் என்ற அளவோடு விட்டுவிடுகிறார்கள். ஜி.என். என்பது கைடு நம்பரின் சுருக்கம். ஃபிலிம் காலத்தில் ஃபிளாஷ் வைத்திருந்தவர் அன்றாடம் போட்ட கணக்கின் முதல் எண் அது.

டிடிஎல் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷைத் தானாகவே அமைக்கும் முறை) இருக்கும்போது இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். டிடிஎல் முறையில் கேமரா, முகத்திலும் உடையிலும் பட்டுத் திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் ஒளி அதிகம் என்று எண்ணி ஃபிளாஷைக் குறைத்துவிடும். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ நடக்கும் வரவேற்பில் மணமகன் கறுப்புக் கோட்டு போட்டு நின்றால் ஒளி போதாது என்று எண்ணிக் கூட்டிவிடும். பட்டுச் சேலையின் சரிகையில் ஒளி தெறித்தாலும் இதே தடுமாற்றம்தான். கைடு நம்பர் கணக்கோ, பொருளின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை மட்டும் பார்ப்பதால், உடை மாறினாலும் முகத்தின் ஒளி மாறாது. மேனுவல் ஃபிளாஷ் மட்டுமே கையில் உள்ளவர்களுக்கு இதைத் தவிர நல்ல வழி இல்லை.

1. எண் எதைச் சொல்கிறது

கைடு நம்பர் என்பது ஃபிளாஷுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவையும், சரியான ஒளியைத் தரும் எஃப் எண்ணையும் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்; எண் பெரிதானால் திறப்பு சிறிது) பெருக்கினால் வரும் எண். கைடு நம்பர் 32 மீட்டர் என்றால், 4 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு எஃப்/8. 8 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு எஃப்/4. இரண்டிலும் பெருக்குத்தொகை 32தான்.

பெருக்கினால் ஒரே எண் வருவதற்குக் காரணம் உண்டு. மண்டப வாசலில் தெளிக்கும் பன்னீர், அருகில் நிற்பவரை நனைத்து, தள்ளி நிற்பவர் மேல் துளித்துளியாக மட்டும் விழுவதைப் போல, ஃபிளாஷின் ஒளியும் போகப்போக விரிந்து மெலிகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளி பாதியாவதில்லை, நான்கில் ஒரு பங்காகிறது. எஃப் எண்ணும் அப்படியே: எஃப்/4லிருந்து எஃப்/8க்குப் போனால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே வீதத்தில் மாறுவதால், ஒன்று ஏறும்போது மற்றொன்றை இறக்கிச் சமன் செய்ய முடிகிறது.

இந்தக் கணக்கில் ஷட்டர் வேகம் வருவதே இல்லை. எலக்ட்ரானிக் ஃபிளாஷ் முழுச் சக்தியிலும் ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் எரிந்து முடிந்துவிடும். ஷட்டர் அதைவிட நீண்ட நேரம் திறந்திருக்கிறது. ஆகவே சிங்க் வேகத்துக்குள் (ஃபிளாஷோடு சேர்த்து ஷட்டரை வைக்கக்கூடிய மிக உயர்ந்த வேகம்) நிற்கும் வரை ஷட்டரை மாற்றினால் மேடையின் சீரியல் விளக்கும் பின்னணியும் மட்டுமே கூடும், குறையும். பழைய ஃபிளாஷ் பல்புகள் மெதுவாக எரிந்ததால் அவற்றுக்கு ஷட்டர் வேகத்துக்கு ஏற்ப எண் மாறியது. அந்தக் காலப் பட்டியல்களை இன்றைய ஃபிளாஷுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

2. தொடங்கும் முன் வேண்டியவை

மேனுவல் முறை உள்ள ஃபிளாஷ், மேனுவல் முறையில் வைத்த கேமரா, அளவு நாடா, 18 சதவீதச் சாம்பல் அட்டை, முக்காலி, அட்டையைப் பிடித்து நிற்க ஓர் ஆள். இவ்வளவு போதும். பேட்டரிகள் முழுமையாகச் சார்ஜ் ஆனவையாக இருக்க வேண்டும். பாதி இறங்கிய பேட்டரியில் கண்டுபிடித்த எண், புது பேட்டரி போட்ட நாளில் ஒத்துவராது.

கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு) 100. தானியங்கி ஐஎஸ்ஓ நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் என்று இருக்கும் திருத்தங்களையும் நிறுத்துங்கள். அவை நிழலைத் தாமாகவே தூக்கிக் காட்டுவதால் சோதனைப் படம் பொய் சொல்லும்.

பழைய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து வாங்கிய ஃபிளாஷ் என்றால் மற்றொரு முன்னெச்சரிக்கையும் தேவை. பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றின் அடியில் உள்ள தொடுமுனையில் நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். அதை நேரே டிஜிட்டல் கேமராவின் ஹாட் ஷூவில் (கேமராவின் மேல் ஃபிளாஷ் மாட்டும் இடம்) மாட்டினால் கேமராவின் மின்சுற்று கெட்டுப்போகலாம். மல்டிமீட்டரால் அளந்து பார்த்து, உங்கள் கேமராவின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால் மட்டுமே மாட்டுங்கள்.

3. அச்சிட்ட எண்ணைப் படிக்கும் விதம்

பெட்டியில் உள்ள எண்ணோடு மூன்று நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஐஎஸ்ஓ, அளவு அலகு, ஜூம் நிலை. இவற்றில் ஒன்றை விட்டாலும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

ஐஎஸ்ஓ பெரும்பாலும் 100. அலகு இன்று பெரும்பாலும் மீட்டர். நம் ஊர்ப் படக்காரர்கள் அடியில் நினைக்கிறார்கள்; மண்டபத்தில் யாரும் "மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள்" என்று சொல்வதில்லை, "பத்தடி தள்ளி" என்றுதான் சொல்கிறார்கள். எனவே மீட்டர் எண்ணை 3.28ஆல் பெருக்கி அடி எண்ணாக மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு மீட்டரையே மறந்துவிடுவது நல்லது. 36 மீட்டர் என்பது சுமார் 118 அடி. இப்படி மாற்றாமல் 36ஐ எடுத்துப் பத்தடியால் வகுத்தால் எஃப்/3.6 வரும், வரவேண்டியதோ எஃப்/11க்குச் சற்று மேல். மூன்று ஸ்டாப்புக்கு மேல் பிழையாகி (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) முகம் வெள்ளைத் தாளாகிவிடும். புதியவர்களின் முதல் படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவதான ஜூம் நிலையில்தான் விற்பவரின் சாமர்த்தியம் இருக்கிறது. ஃபிளாஷின் தலைக்குள் இருக்கும் விளக்கு முன்னும் பின்னும் நகர்ந்து ஒளிக்கற்றையைக் குறுக்கும், விரிக்கும். குறுகிய கற்றையில் ஒளி செறிவாக இருப்பதால் எண் பெரிதாகத் தெரியும். அந்தப் பெரிய எண்ணைத்தான் அச்சிடுவார்கள். கேனான் 580இஎக்ஸ் ஃபிளாஷின் 58 என்ற எண் 105 மி.மீ. நிலைக்கு உரியது, அதே ஃபிளாஷ் 50 மி.மீ. நிலையில் 42, 35 மி.மீ. நிலையில் 36, 24 மி.மீ. நிலையில் 28. கோடாக்ஸ் டிடி600இன் 60 என்ற எண் 200 மி.மீ. நிலைக்கு உரியது. நிக்கான் எஸ்பி-700க்குச் சொல்லப்படும் 28, 35 மி.மீ. நிலையில் அளந்தது. ஆகவே 60ஐயும் 28ஐயும் பக்கத்தில் வைத்து, முன்னது இரு மடங்குக்கு மேல் வலியது என்று முடிவு செய்வது தவறு. ஒப்பிட வேண்டுமானால் இரண்டுக்கும் கையேட்டில் 35 மி.மீ. வரிசையைப் பாருங்கள். மேடைக்கு முன்னால் நாம் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி அந்த நிலையில்தான் எடுக்கப்படுகின்றன.

4. உங்கள் ஃபிளாஷின் மெய்யான எண்ணைக் கண்டறிதல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அச்சிட்ட எண் தொடக்கம் மட்டுமே. உற்பத்தியாளர் அளந்த அறை வேறு, நீங்கள் நிற்கும் மண்டபம் வேறு. ஃபிளாஷுக்கு வயது ஆக ஆக அதன் ஒளியும் குறையும்.

முதலில் வெளிர்நிறச் சுவர் உள்ள நடுத்தர அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஷட்டரை 1/200 வினாடியில் வையுங்கள். ஃபிளாஷ் எரியாமல் ஒரு படம் எடுத்தால் அது முழுக் கறுப்பாக வர வேண்டும். கறுப்பாக வரவில்லை என்றால் அறை ஒளி கணக்கில் கலக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்து ஃபிளாஷை மேனுவல் முறையில் 1/1 சக்தியிலும், ஜூமை 35 மி.மீ. நிலையிலும் நிறுத்துங்கள். லென்ஸை ஜூம் செய்யும்போது ஃபிளாஷும் தானாக ஜூம் ஆகும் வசதியைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். இதை நிறுத்த மறந்தவர்கள், ஒரே தொலைவில் இரு வேறு விடை வருவதைப் பார்த்து ஃபிளாஷ் பழுது என்று கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

பிறகு ஃபிளாஷின் முகப்புக் கண்ணாடியிலிருந்து சாம்பல் அட்டை வரை சரியாகப் பத்தடி அளந்து தரையில் டேப் ஒட்டுங்கள். பத்தடி என்பதற்குக் காரணம் எளிது: சரியான எஃப் எண்ணைப் பத்தால் பெருக்கினால் எண் கிடைத்துவிடும், காகிதம் வேண்டாம். அட்டை ஃபிளாஷை நேராகப் பார்க்க வேண்டும். சாய்ந்தால் பளபளப்போ மங்கலோ ஏறும்.

இப்போது எஃப்/5.6லிருந்து எஃப்/16 வரை, கேமரா அனுமதிக்கும் ஒவ்வொரு மூன்றில் ஒரு ஸ்டாப்பிலும் ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையே, தயார் விளக்கு எரிந்த பிறகும் சில வினாடிகள் பொறுத்திருங்கள். பல ஃபிளாஷ்களில் மின்தேக்கி முழுமையாக நிரம்பும் முன்பே அந்த விளக்கு எரிந்துவிடும். அவசரப்பட்டு எடுத்தால் அரை ஸ்டாப் வரை குறையலாம், எண்ணும் அந்த அளவுக்குச் சிறிதாக வரும்.

படங்களைக் கேமராவின் திரையில் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சாம்பல் அட்டை மட்டும் நிறையும்படி படத்தைப் பெரிதாக்கி ஹிஸ்டோகிராமைப் (இருளிலிருந்து வெளிச்சம் வரை ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். அட்டையின் மேடு நடுவுக்குச் சற்றே இடப்பக்கம் நிற்கும் படம்தான் சரியானது. அது எஃப்/10இல் எடுத்தது என்றால் உங்கள் எண் 100 அடி. கையேடு 118 என்று சொல்லியிருந்தால் அரை ஸ்டாப் அளவு குறைவு; இது வழக்கமானதுதான், ஃபிளாஷைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

இதே சோதனையை இரவில் மொட்டை மாடியில் ஒரு முறை செய்யுங்கள். அங்கே சுவரும் கூரையும் ஒளியைத் திருப்பி அனுப்பாததால் எண் குறையும். அறையில் 100 வந்த ஃபிளாஷுக்கு வெளியே 80 வரலாம். இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மண்டபங்கள் கூரை இருந்தாலும் மொட்டை மாடியைப் போலவே நடந்துகொள்ளும், ஏனென்றால் சுவர் வெகு தொலைவில் இருக்கிறது. இந்தக் காரணத்தால் பெரிய மண்டபத்துக்கு வெளி எண்ணுக்கு அருகிலிருந்தே நான் தொடங்குவேன்.

5. அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டிய எண்கள்

அடிப்படை எண் கிடைத்ததும் ஐஎஸ்ஓவுக்கும் சக்திக்கும் ஏற்ப அதை மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ நான்கு மடங்கானால் எண் இரு மடங்கு. ஐஎஸ்ஓ இரு மடங்கானால் எண் 1.4 மடங்கு. சக்தி நான்கில் ஒன்றானால் எண் பாதி. சக்தி பாதியானால் எண் 0.7 பங்கு. வர்க்கமூலம்தான் இதன் உள்ளே இருப்பது என்றாலும், களத்தில் இந்த நான்கு தொடர்களை நினைவில் வைத்தால் போதும்.

முழுச் சக்தியில் 100 அடி என்றால், ஐஎஸ்ஓ 200இல் 140, 400இல் 200, 800இல் 280, 1600இல் 400. ஐஎஸ்ஓ 100இலேயே நின்று சக்தியைக் குறைத்தால் 1/2இல் 70, 1/4இல் 50, 1/8இல் 35, 1/16இல் 25, 1/32இல் 18. எஃப் எண்களின் வரிசையை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதாகவே தோன்றும்.

புதியவர்கள் தவறுவது 1/2 சக்தியில். சக்தி பாதி என்றால் எண்ணும் பாதி என்று 50 எழுதிவிடுகிறார்கள். அதனால் ஒரு ஸ்டாப் ஒளி கூடிப்போகிறது. தனியாக ஒரு சிறு அட்டையில் ஐஎஸ்ஓ 400, 800 ஆகிய இரண்டுக்கும் முழு வரிசையை எழுதி ஃபிளாஷின் முதுகில் ஒட்டிவிடுங்கள். பழைய ஃபிளாஷ்களின் பின்புறம் இருக்கும் சுழல் அட்டவணை செய்வதும் இதே வேலைதான். ஆனால் அது உற்பத்தியாளரின் எண்ணை வைத்துச் செய்கிறது, நீங்கள் ஒட்டியது உங்கள் எண்ணை வைத்துச் செய்கிறது.

6. மண்டபத்தில் கணக்கிடும் வரிசை

வரிசை இது: முதலில் தொலைவு, பிறகு எஃப் எண், பிறகு ஐஎஸ்ஓ, கடைசியாகச் சக்தி. இதை மாற்றிச் செய்கிறவர்கள், அதாவது சக்தியை முதலில் வைத்துவிட்டு எஃப் எண்ணைத் தேடிப் போகிறவர்கள், ஒரு படத்தில் எஃப்/4, அடுத்ததில் எஃப்/13 என்று அலைந்து, ஆல்பத்தில் பின்னணி மங்கலும் தெளிவும் மாறி மாறி வருமாறு செய்துவிடுகிறார்கள்.

தொலைவு முதலில் வருவதற்குக் காரணம், அது மட்டுமே உங்கள் விருப்பத்தில் இல்லை என்பது. மேடையின் ஆழம், ஐயர் அமரும் இடம், வீடியோக்காரரின் முக்காலி ஆகியவை நீங்கள் எங்கே நிற்கலாம் என்பதை முடிவு செய்துவிடும். மேடை ஏறியதும் மணமக்கள் அமரும் இடத்திலிருந்து நீங்கள் நிற்கப்போகும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். நாடாவை விரித்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் தரையைப் பாருங்கள்: இப்போது கட்டும் மண்டபங்களில் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ்தான் போடுகிறார்கள். ஆறு டைல்ஸ் எண்ணினால் பன்னிரண்டடி. மொசைக் தரை உள்ள பழைய மண்டபங்களிலும், மேடையில் கம்பளம் விரித்த இடங்களிலும் இந்த வசதி இல்லை. அங்கே உங்கள் நடையின் அளவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தொலைவு பன்னிரண்டடி என்று கொள்வோம். மணமக்கள் இருவரும் தெளிவாக விழ எஃப்/5.6 வேண்டும். 12ஐ 5.6ஆல் பெருக்கினால் 67. உங்களுக்குத் தேவையான எண் இது. சிறிய மண்டபம் என்று கொண்டு அறை எண்ணான 100ஐ எடுத்தால், ஐஎஸ்ஓ 400இல் முழுச் சக்தியின் எண் 200. அட்டையில் 400இன் வரிசையைப் பார்த்தால் 200, 140, 100, 70 என்று இறங்கி 1/8 சக்தியில் 70 வருகிறது. ஃபிளாஷை 1/8இல் வையுங்கள். அவ்வளவுதான், வெள்ளை வேட்டியானாலும் கறுப்புக் கோட்டானாலும் அந்த இடத்தில் இனி மாற்றம் இல்லை. 1/8 சக்தியில் ஃபிளாஷ் உடனுக்குடன் தயாராகிவிடுவதால் தாலி கட்டும் நேரத்தில் தொடர்ச்சியாகச் சில படங்கள் எடுக்கவும் முடியும்; முழுச் சக்தியில் வைத்திருந்தால் அட்சதை விழும்போது ஃபிளாஷ் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்.

மேடை விளக்கும் பின்னணி அலங்காரமும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை இதற்குப் பிறகு ஷட்டரால் முடிவு செய்யுங்கள். 1/60 வைத்தால் அலங்காரம் ஒளிரும், 1/200 வைத்தால் அடங்கும். ஆனால் உங்கள் கேமராவின் சிங்க் வேகத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் படத்தின் ஒரு பகுதியில் கறுப்புப் பட்டை விழும். நிக்கான் எஃப்எம்10இல் அந்த வரம்பு 1/125, பென்டாக்ஸ் கே1000இல் 1/60. இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் பலவற்றுக்கு 1/200 அல்லது 1/250. ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் பட்டை வராது என்றாலும் அந்த முறையில் ஃபிளாஷின் எண் வெகுவாகக் குறைந்துவிடும். நீங்கள் எழுதிய அட்டை அதற்குப் பொருந்தாது.

விருந்தினர் நகர்ந்தால் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியதில்லை. பன்னிரண்டடியில் சரியாக இருந்தவர் எட்டரை அடிக்கு வந்தால் ஒளி ஒரு ஸ்டாப் கூடும், சக்தியை 1/16 ஆக்கலாம். பதினேழடிக்குப் போனால் ஒரு ஸ்டாப் குறையும், 1/4 ஆக்கலாம். 6, 8.5, 12, 17, 24 என்ற இந்தத் தொலைவுத் தொடரை மனப்பாடம் செய்துகொண்டால் களத்தில் பெருக்கலே தேவைப்படாது.

7. குழுப் படம்: முன் வரிசையும் பின் வரிசையும்

உறவினர் அனைவரும் மூன்று வரிசையாக நிற்கும் படத்தில், முன் வரிசை வெளுத்தும் பின் வரிசை கறுத்தும் வருவது நம் பகுதி ஆல்பங்களில் அடிக்கடி காணும் குறை. ஃபிளாஷ் போதவில்லை என்று இதற்குச் சக்தியைக் கூட்டினால் முன் வரிசை இன்னும் வெளுக்கும். சரிசெய்ய வேண்டியது தொலைவை.

முன் வரிசை ஒன்பதடியிலும் பின் வரிசை பதின்மூன்றடியிலும் இருந்தால் இரண்டுக்கும் இடையே ஒரு முழு ஸ்டாப் வேறுபாடு. நீங்கள் ஆறடி பின்னால் போனால் வரிசைகள் பதினைந்தடியிலும் பத்தொன்பதடியிலும் ஆகின்றன. வேறுபாடு மூன்றில் இரண்டு ஸ்டாப்பாகக் குறைகிறது. வரிசைகளுக்கு இடையே உள்ள நாலடி மாறவில்லை. முழுத் தொலைவில் அதன் பங்கு சிறுத்துவிட்டது. கணக்கை நடு வரிசைக்குப் போடுங்கள்: பதினேழடி, ஐஎஸ்ஓ 400, முழுச் சக்தி, 200ஐ 17ஆல் வகுத்தால் எஃப்/11க்குச் சற்று மேல். எஃப்/11 வையுங்கள். மூன்று வரிசையும் தெளிவாக விழவும் அது உதவும்.

பின்னால் போக இடம் இல்லை என்றால் ஃபிளாஷை மட்டும் தாங்கியில் ஏற்றி உயரமாக வைத்துப் பின் வரிசையை நோக்கித் திருப்பலாம். அப்போது ஃபிளாஷிலிருந்து வரிசை வரை அளக்க வேண்டும், கேமராவிலிருந்து அல்ல. ஃபிளாஷ் கேமராவின் தலையில் இருக்கும் வரை இரண்டு தொலைவும் ஒன்றாகவே இருந்ததால், அதைக் கழற்றிய பிறகும் பழக்கத்தில் கேமரா தொலைவையே போடுகிறவர்கள் பலர்.

8. கூரையில் மோதவிடும்போது

இங்கே கணக்கு முழுத் துல்லியம் தராது. நல்ல தொடக்கத்தை மட்டும் தரும். ஃபிளாஷிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து முகத்துக்கும் ஒளி செல்லும் முழு வழியையும் தொலைவாக எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கூரைக்கு மேலும் இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும்.

கூரை பதினைந்தடி உயரம், ஆள் பத்தடி தள்ளி நிற்கிறார் என்றால் ஒளி செல்லும் வழி சுமார் இருபத்திரண்டடி. ஐஎஸ்ஓ 800இல் 280ஐ 22ஆல் வகுத்தால் எஃப்/13. இரண்டு ஸ்டாப் திறந்தால் எஃப்/6.3. கூரை பதினைந்தடிக்கு மேல் போனாலோ, வண்ணத் துணிப் பந்தல் கட்டியிருந்தாலோ இந்த முறையைக் கைவிடுங்கள். மஞ்சள், ரோஸ் துணிகளின் நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். அதைக் கணினியில் சரிசெய்யச் செலவாகும் நேரம் வீண்.

9. வெயிலில் நிரப்பு ஒளி

வேலூர் வெயிலில் பகல் பதினோரு மணிக்குக் கோட்டை அகழிக் கரையில் ஒரு ஜோடியை நிறுத்தினால் புருவத்துக்குக் கீழே கண் இருக்கும் இடம் இருண்ட குழியாகிவிடும். ஃபிளாஷ் இங்கே முதன்மை ஒளி அல்ல. நிழலைச் சற்றுத் தூக்கிவிடும் துணை ஒளி. ஆகவே வரிசையும் மாறுகிறது: முதலில் வெயில், பிறகு தொலைவு, கடைசியில் சக்தி.

தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100க்கு எஃப்/11, 1/200 வினாடி. ஃபிளாஷ் வெயிலைவிட ஒரு ஸ்டாப் குறைவாக இருந்தால் படம் இயல்பாகத் தோன்றும். அதாவது ஃபிளாஷின் கணக்கு எஃப்/8க்கு வர வேண்டும், கேமரா எஃப்/11இலேயே இருக்க வேண்டும். ஆள் ஏழடியில் நின்றால் தேவையான எண் 56. மொட்டை மாடியில் கண்ட 80ஐ எடுத்துக்கொண்டால் 1/2 சக்தியில் 56 வருகிறது. அறையில் கண்ட 100ஐ இங்கே போடக் கூடாது. போட்டால் சக்தி தேவைக்குக் குறைவாக வைக்கப்பட்டு, குழிகள் அப்படியே இருக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஃபிளாஷைத் தொடர்ந்து முழுச் சக்தியிலோ பாதிச் சக்தியிலோ எரித்தால் அது சூடேறித் தானாகவே நின்றுவிடக் கூடும். படங்களுக்கு இடையே நிழலில் வையுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முக்காலியும் விளக்குத் தாங்கியும் வைத்து எடுப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

10. குடையும் இரண்டாவது ஃபிளாஷும்

குடை, சாஃப்ட்பாக்ஸ், வெள்ளை மூடி ஆகிய எதை மாட்டினாலும் பழைய எண் செல்லாது. 4ஆம் படியின் சோதனையை அந்த உபகரணத்தை மாட்டியபடியே மறுபடி செய்து, அதற்கு ஒரு தனி எண் எழுதுங்கள். தொலைவைக் குடைத் துணியிலிருந்து அளக்க வேண்டும். குடையின் அகலத்தைப் போல் இரு மடங்குக்கும் குறைவான தொலைவில் ஆள் நின்றால், ஒளி ஒரு புள்ளியிலிருந்து வருவதாக எண்ணிப் போட்ட இந்தக் கணக்கு மெல்ல விலகத் தொடங்கும். அங்கே சோதனைப் படத்தை நம்புங்கள்.

ஒரே வகை ஃபிளாஷ் இரண்டை ஒரே இடத்திலிருந்து ஒரே முகத்தின் மேல் எரித்தால் எண் 200 ஆகாது. 140தான் ஆகும், அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல். இரண்டாவது ஃபிளாஷ் வாங்குவதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள். ஐஎஸ்ஓவை 400லிருந்து 800க்கு உயர்த்தினால் அதே ஒரு ஸ்டாப் செலவில்லாமல் கிடைக்கிறது. இரண்டு ஃபிளாஷ் உண்மையில் பயன்படுவது, பாதிப் பாதிச் சக்தியில் எரித்து விரைவாகச் சார்ஜ் ஆக வைப்பதற்கும், இரு வேறு திசையிலிருந்து ஒளி தருவதற்கும்தான். முதன்மை ஃபிளாஷுக்கு எஃப்/8, பக்கவாட்டு ஃபிளாஷுக்கு எஃப்/4 என்று தனித்தனியாகக் கணக்கிட்டால் இரண்டுக்கும் இடையே இரண்டு ஸ்டாப் வேறுபாடு கிடைத்து முகத்தில் வடிவம் தெரியும்.

11. கணக்கு ஒத்துவராதபோது தேடும் வரிசை

படம் கறுத்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியையும் அவசரத்தையும். ஐந்து வினாடி பொறுத்து அதே படத்தை மறுபடி எடுங்கள். சரியாக வந்தால் கணக்கில் பிழை இல்லை. அப்போதும் கறுத்தால் ஃபிளாஷின் ஜூம் நிலையைப் பாருங்கள், யாராவது 24க்கு மாற்றியிருக்கலாம். அடுத்து ஹை ஸ்பீட் சிங்க் அடையாளம் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள்.

படம் வெளுத்து வந்தால் அலகுதான் முதல் சந்தேகம்: மீட்டர் எண்ணை அடியால் வகுத்திருப்பீர்கள். அது சரி என்றால் ஐஎஸ்ஓ தானியங்கிக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

படத்தின் நடு சரியாகவும் ஓரங்கள் இருண்டும் வந்தால் லென்ஸின் கோணம் ஃபிளாஷின் கற்றையைவிட அகலம். ஜூம் நிலையை லென்ஸின் மி.மீ. அளவுக்கு இறக்கி, அந்த நிலைக்கு உரிய எண்ணைச் சோதித்து அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு படம் சரி, அடுத்தது கறுப்பு, மறுபடி சரி என்று ஒழுங்கில்லாமல் வந்தால் அது கணக்கின் பிழை அன்று. ஹாட் ஷூவின் தொடுமுனையைக் காய்ந்த துணியால் துடைத்து, ஃபிளாஷை முழுவதும் உள்ளே தள்ளிப் பூட்டுங்கள்.